பக்கம் இருக்கு, புள்ளி எங்கே? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் ஒரு போட்டோகொப்பி மெஷினும் இரண்டு கணினியும் வைத்துக் கடை நடத்துகிறேன். ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள், டியூஷன் டீச்சர்மார், கோயில் சபைகள், தேயிலையைப் பக்கெட் போட்டு விற்பவர்கள் என்று கொஞ்சப் பேருக்கு இணையத்தளம் செய்து கொடுத்து, அதைப் பார்த்தும் வருகிறேன். அவர்களில் பாதிப் பேர் போனை நீட்டி ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "தம்பி, முதல் பக்கத்துக்கு நம்பர் காட்டுது, மற்றப் பக்கத்துக்கெல்லாம் கோடுதான் காட்டுது. ஏன்?" ஒவ்வொரு முறையும் தேத்தண்ணி ஆறும் வரை விளக்குவதைவிட ஒரேயடியாக எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

புள்ளி இல்லை என்றால் பூச்சியம் என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்தக் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு வந்து, மலைக்கு ஏறி, சொன்ன கிலோவுக்குக் குறைவாகக் கொழுந்து எடுத்தவருக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். பெரட்டுக்கே வராதவருக்குப் பேரே விழாது. அரைப் பேர் விழுந்தவர் ஏன் குறைந்தது என்று நிறுவை மடுவத்தில் நின்று சண்டை பிடிக்கலாம். பேரே விழாதவர் அங்கே போய் என்னத்தைக் கேட்பது?

இணையப் பக்கமும் அப்படித்தான். பூச்சியமோ குறைந்த புள்ளியோ காட்டினால், யாரோ வந்து பார்த்து இவ்வளவுதான் பெறும் என்று சொல்லியிருக்கிறார்கள். வெறுமையாக இருந்தால் கூகுள் போன்ற தேடுபொறியின் இயந்திரம் இன்னும் வரவில்லை, அல்லது வந்தும் தன் பட்டியலில் பதியவில்லை, அல்லது பதிந்தும் கணக்குப் போடும் அளவுக்குத் தரவு சேரவில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

நீங்கள் சொல்லும் "புள்ளி" எந்தப் புள்ளி?

நானும் வருகிறவர்களிடம் இதைத்தான் திருப்பிக் கேட்பேன். ஏனென்றால் ஒரே சொல்லால் நாலு வேறு சாமான்களைச் சொல்கிறார்கள். ஒன்று, பழைய காலத்தில் கூகுள் காட்டிய 0 முதல் 10 வரையான பேஜ்ரேங்க். இரண்டு, தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சேர்ச் கன்சோல் என்ற கருவியில் வரும் சராசரி இடம், அதாவது தேடல் முடிவுகளில் பக்கம் சராசரியாக எத்தனையாவதாக வருகிறது என்பது. மூன்று, மோஸ், ஏரெஃப்ஸ் போன்ற தனியார் நிறுவனங்கள் தாங்களாகவே போடும் 100க்கான புள்ளி. நாலாவது வேகப் பரிசோதனைப் புள்ளி. இந்த நாலும் ஒன்றுக்கொன்று சொந்தமில்லை. ஒன்றில் வெறுமையாக இருக்கும் பக்கம் மற்றதில் நன்றாகவே இருக்கலாம்.

அந்த 0 முதல் 10 வரையான புள்ளி இப்போது எங்கே போனது?

போயே போய்விட்டது. 2000ஆம் ஆண்டு கூகுள் ஒரு டூல்பார் வெளியிட்டது. அதை பிரவுசரில் போட்டுக்கொண்டால், பார்க்கிற ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சின்னப் பச்சைக் கோடு தெரியும். கோடு எவ்வளவு நீளமோ அவ்வளவு மதிப்பு. கோடு வெள்ளையாக இருந்தால் பூச்சியம். சாம்பல் நிறமாக இருந்தால் அந்தப் பக்கத்துக்குக் காட்டப் புள்ளியே இல்லை. சாம்பலைப் பார்த்துவிட்டு, கூகுள் நம்மைத் தண்டித்துவிட்டது என்று அந்த நாளில் தலையில் கை வைத்தவர்கள் ஏராளம். பாதி நேரம் காரணம் சப்பென்று இருக்கும். டூல்பாரில் காட்டிய புள்ளியை மாதக்கணக்கில் இடைவெளி விட்டுத்தான் புதுப்பித்தார்கள். இடையில் பிறந்த பக்கம் அடுத்த புதுப்பிப்பு வரும் வரை சாம்பலாகத்தான் கிடக்கும்.

கடைசியாக 2013 டிசம்பரில் புதுப்பித்தார்கள். 2016இல் வெளியே காட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். ஆகவே இன்றைக்கு ஒருவர் வந்து "உங்கள் பேஜ்ரேங்கை 5க்குக் கொண்டு வருகிறேன்" என்றால், ஓடாத பஸ்ஸுக்கு டிக்கெட் விற்கிறார். உள்ளே அந்தக் கணக்கு சாகவில்லை, அது வேறு விஷயம். இணைப்புகளை எடைபோடும் முறைகளில் ஒன்றாக அதை இன்னமும் வைத்திருப்பதாகக் கூகுளின் விளக்கப் பக்கமே சொல்கிறது. வெளியே நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அந்தக் கணக்குத்தான் என்ன?

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இருவர் 1998இல் வெளியிட்ட யோசனை. பேஜ்ரேங்கில் உள்ள பேஜ், லாரி பேஜின் பெயர்.

நம்ம ஊர்க் கதையாகச் சொன்னால்: ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் போகும் இடமே பார்க்காமல் ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறுகிறார். அது தலவாக்கலையில் இறக்குகிறது. அங்கிருந்து மறுபடி ஏதோ ஒரு பஸ். இப்படி 100 தடவைக்கு 85 தடவை கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறுகிறார். மிச்சம் 15 தடவை சலித்துப்போய், மந்திரம் போட்ட மாதிரி எங்கேயோ ஒரு ஊரில் போய் நிற்கிறார். இதை முடிவில்லாமல் செய்தால், எந்த ஊரில் அவர் அடிக்கடி நிற்பாரோ அந்த ஊருக்கு மதிப்பு அதிகம். பஸ் என்பது ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் இணைப்பு. நுவரெலியாவுக்குப் பல பக்கமிருந்தும் பஸ் வருகிறது, ஆகவே அவர் அங்கே அடிக்கடி நிற்பார். தோட்டத்து மேல் டிவிசனுக்கு பஸ்ஸே இல்லை. அங்கே அவர் வந்தால் அந்த மந்திரத்தில்தான் வரவேண்டும். அந்த மந்திரமும் வரைபடத்தில் இருக்கும் ஊர்களுக்கு மட்டும்தான். வரைபடத்திலேயே இல்லாத ஊருக்குக் கணக்கே கிடையாது. புள்ளி இல்லாத பக்கம் என்பது பெரும்பாலும் இதுதான்.

என் பக்கம் வரைபடத்தில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கூகுளில் ஆங்கிலத்தில் "சைட்" என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடம் விடாமல் உங்கள் பக்கத்தின் முகவரியைப் போட்டுத் தேடுங்கள். வந்தால் இருக்கிறது. வராவிட்டால் அநேகமாக இல்லை, ஆனால் இந்த வழி முழுத் துல்லியம் கிடையாது. சரியான பதில் வேண்டுமென்றால் சேர்ச் கன்சோல்தான். காசு இல்லை. தளம் உங்களுடையது என்று நிரூபித்துவிட்டு, மேலே உள்ள பெட்டியில் பக்கத்தின் முகவரியைப் போட்டால், கூகுள் கடைசியாக எப்போது வந்தது, பதிந்ததா, பதியாவிட்டால் ஏன் என்று சொல்லும். தளம் செய்து கொடுத்தவரிடம் இந்தக் கணக்கை உங்கள் பெயரில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள்.

"கண்டோம், இன்னும் வரவில்லை" என்ற மாதிரி ஒரு நிலை காட்டுகிறதே?

முகவரி காதில் விழுந்திருக்கிறது, ஆள் இன்னும் வரவில்லை. புதுத் தளங்களுக்கு இது சாதாரணம், நாள்களோ வாரங்களோ எடுக்கும். மாதக்கணக்கில் அப்படியே கிடந்தால் வழி இல்லை என்று அர்த்தம்.

எல்ல பக்கம் ஒரு ஹோம்ஸ்டே அண்ணன். அவருடைய தளத்தில் ஒன்பது வளைவுப் பாலத்துக்கு எந்த நேரம் நடந்து போவது நல்லது, மழை நாளில் எந்தப் பாதை வழுக்கும் என்றெல்லாம் அருமையாக எழுதிய ஒரு பக்கம் இருந்தது. ஊர்க்காரருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள். ஆனால் அந்தப் பக்கத்துக்கு முதல் பக்கத்திலிருந்தும் இணைப்பு இல்லை, மெனுவிலும் இல்லை. அவர் வட்ஸ்அப்பில் விருந்தாளிகளுக்கு முகவரியை அனுப்பிக்கொண்டிருந்தார். வட்ஸ்அப் உரையாடலுக்குள் கூகுள் வந்து பார்ப்பதில்லை. முதல் பக்கத்தில் ஒரு வரியும், அறைகள் பக்கத்தில் ஒரு வரியும் இணைப்பாகப் போட்டோம். வேறொன்றும் செய்யவில்லை. இரண்டு வாரத்துக்குள் பக்கம் பதிவாகிவிட்டது.

பேஸ்புக்கில் போட்டோமே என்பார்கள். அங்கிருந்து வரும் இணைப்புகளில், இதைப் பின்தொடர வேண்டாம் என்று சொல்லும் நோஃபாலோ குறி இருக்கும். குப்பை விளம்பர இணைப்புகளைத் தடுக்க 2005இல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட குறி அது. 2019இலிருந்து கூகுள் அதைக் கட்டளையாக எடுக்காமல் ஒரு குறிப்பாகத்தான் எடுக்கிறது. என்றாலும் பேஸ்புக் பதிவை நம்பி இருக்காதீர்கள். ஆட்கள் வருவார்கள், மதிப்பு வருவது சந்தேகம்.

வந்து பார்த்தும் பதியாமல் போயிருக்கிறது. இது என்ன அநியாயம்?

அநியாயமில்லை, அந்தப் பக்கம் அதற்குப் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. பெரிய முன்பதிவுத் தளத்தில் உங்கள் ஹோம்ஸ்டே பற்றி எழுதியதை அப்படியே எடுத்துச் சொந்தத் தளத்தில் ஒட்டியிருப்பீர்கள். ஒரே எழுத்து இரண்டு இடத்தில் இருந்தால் கூகுள் ஒன்றை மூலமாக எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். பெரும்பாலும் பெரிய தளத்தைத்தான் எடுக்கும். தேயிலை விற்பவர்களும் அப்படித்தான். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் முதல் தேயிலைத் தோட்டம் போட்ட கதையை எங்கேயோ இருந்து வெட்டி ஒட்டாத தேயிலைத் தளம் நான் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாக உங்கள் இலை எந்த உயரத்தில் விளைகிறது, எந்த மாதத்துச் சரக்கு, எத்தனை நிமிடம் ஊற வைத்தால் நல்ல நிறம் வரும் என்று எழுதுங்கள். அது வேறு யாரிடமும் இருக்காது.

இன்னொன்றும் உண்டு. முன்னால் மூன்று டபிள்யூ போட்ட முகவரி, போடாத முகவரி, இரண்டிலும் ஒரே பக்கம் திறக்கும். மனிதருக்கு இரண்டும் ஒன்று, இயந்திரத்துக்கு இரண்டு முகவரி. ஒன்றைத் தலைமை என்று வைத்து மற்றதை அதற்குத் திருப்பிவிட வேண்டும். சேர்ச் கன்சோலில் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால், அதன் கணக்கு இரட்டைப் பிள்ளையின் பெயரில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நாமே கதவைப் பூட்டியிருக்க முடியுமா?

முடியும். நானே பூட்டியிருக்கிறேன். தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் செட்டிங்ஸுக்குள் ரீடிங் என்ற இடத்தில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பதியாமல் இருக்கட்டும் என்று சொல்லும் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. தளத்தைக் கட்டும்போது டிக் போட்டு வைப்பது வழக்கம். ஒரு கோயில் சபைக்குத் தளம் செய்து, அந்த டிக்கை எடுக்க மறந்து, தேர்த் திருவிழாவும் முடிந்த பிறகுதான் கண்டுபிடித்தேன். சபைத் தலைவர் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

ரோபோட்ஸ் கோப்பு என்று இன்னொரு பூட்டு உண்டு. அது உள்ளே வராதே என்று சொல்லுமே தவிர, பட்டியலில் போடாதே என்று சொல்லாது. அதனால் வேறு எங்காவது இணைப்பு இருந்தால், உள்ளே பார்க்காமலே முகவரியை மட்டும் கூகுள் காட்டிவிடலாம். பதிய வேண்டாம் என்ற நோஇன்டெக்ஸ் குறியைப் பக்கத்துக்குள் வைத்துவிட்டு, ரோபோட்ஸ் கோப்பிலும் அதே பக்கத்தை அடைத்தால் அந்தக் குறியைக் கூகுள் படிக்கவே முடியாது. வீட்டுக்குள் பலகை மாட்டிவிட்டு வாசலைப் பூட்டிய மாதிரி.

தமிழில்தான் எழுதியிருக்கிறேன். தமிழில் தேடினால் ஏன் வருவதில்லை?

மலையகத்தில் நான் அதிகம் கண்ட காரணம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். பழைய தளங்கள் பல பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பாமினியில் நீங்கள் "தமிழ்" என்று தட்டும்போது கணினி சேமித்து வைப்பது தமிழ் அல்ல. ஆங்கில எழுத்துகளான ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. பாமினி எழுத்துரு அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டிக் காட்டுகிறது, அவ்வளவுதான். உங்கள் கண்ணுக்குத் தமிழ். கூகுளுக்கு அது அர்த்தமில்லாத ஆங்கிலக் கிறுக்கல். தேடுகிறவர் போனில் தட்டுவது யூனிகோட் தமிழ், அதாவது தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் பொதுக் குறியீடு. இரண்டும் எந்தக் காலத்திலும் சந்திக்காது.

ஒரு டீச்சரின் டியூஷன் தளம். சாதாரண தரக் கணிதப் பயிற்சித் தாள்கள், விடை விளக்கத்தோடு. நூற்றுக்கு மேல் பக்கங்கள், எல்லாம் பாமினி. தன் கணினியில் அழகாகத் தெரிந்ததால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. பிள்ளைகளின் போனில் கிறுக்கலாகத் தெரிந்திருக்கிறது. டீச்சருக்குச் சொல்லப் பயந்து ஒருவரும் சொல்லவில்லை.

மாற்றுவதற்குக் கருவிகள் இருக்கின்றன, இலவசமாகவே. ஆனால் மாற்றிய பிறகு கண்ணால் ஒருமுறை வாசியுங்கள். பாமினியில் "கொழுந்து" என்று தட்டும்போது கண் பார்க்கும் வரிசையில் முதலில் கொம்பு, பிறகு "க", பிறகு கால். யூனிகோடில் மெய்யெழுத்துத்தான் முன்னால், கொம்பும் காலும் அதற்குப் பின்னால். மாற்றும்போது இந்த வரிசை குழம்பினால் கொம்பு முன் எழுத்தில் தொங்கிக்கொண்டு நிற்கும். பார்வைக்குக் கிட்டத்தட்ட சரியாகத் தெரியும், தேடலில் அகப்படாது.

படமாகப் போட்ட நோட்டீஸும் இதே வகைதான். திருவிழா நோட்டீஸை ஸ்கேன் செய்து போட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு வரிகூட எழுத்தாக இல்லாவிட்டால், அதைப் பதிந்தும் பிரயோசனமில்லை. நாள், நேரம், இடம் மூன்றையாவது கீழே தட்டி வையுங்கள்.

பக்கம் பதிவாகியிருக்கிறது, ஆனால் "சராசரி இடம்" வெறுமையாக இருக்கிறது?

நீங்கள் பார்க்கும் அந்தக் காலப்பகுதியில் யாருடைய தேடலிலும் அந்தப் பக்கம் காட்டப்படவில்லை. ஓடாத குதிரைக்கு எத்தனையாவது இடம் என்று கேட்க முடியாது. இதில் பருவமும் உண்டு. சிவனொளிபாத மலைக்கு ஏறுகிறவர்கள் வந்து தங்கும் நல்லதண்ணியில் தங்குமிடம் பற்றிய பக்கம் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை உயிரோடு இருக்கும், சீசன் முடிந்ததும் கோடு காட்டும். ஆகஸ்டில் வந்து, பக்கம் செத்துவிட்டது என்று அழுதவருக்குப் போன ஜனவரியைத் திறந்து காட்டினேன். சேர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கை வைத்திருக்கும், அதனால் ஒரு சீசனைப் போன சீசனோடு ஒப்பிடலாம்.

எழுத்துக்கூட்டலையும் கவனியுங்கள். நுவரெலியா, நுவரேலியா, நுவரஎலியா என்று மூன்று விதமாகத் தட்டுகிறார்கள். சிவனொளிபாத மலை என்று நீங்கள் எழுதியிருக்கும்போது தோட்டத்து ஆட்கள் பாவாத மலை என்று தேடலாம். எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினால் அசிங்கமாக இருக்கும். வாக்கியத்துக்குள் இயல்பாக ஒருமுறை வந்தால் போதும்.

மோஸ், ஏரெஃப்ஸ் இரண்டும் என் தளத்துக்கு ஒன்றும் காட்டவில்லை. கவலைப்படலாமா?

வேண்டாம். அவர்கள் தங்கள் சொந்த இயந்திரங்களை அனுப்பி, தாங்கள் கண்ட இணைப்புகளை வைத்து 100க்குப் புள்ளி போடுகிறார்கள். அது கூகுளின் புள்ளி இல்லை, கூகுள் அதைப் பயன்படுத்துவதும் இல்லை. பத்துப் பதினைந்து பக்கமுள்ள சின்னத் தளம் அவர்கள் கண்ணில் படாமலே இருக்கலாம். இன்னொன்று, அந்த அளவுகோல் மேலே போகப்போகச் செங்குத்தாகும். 10இலிருந்து 20க்கு ஏறுவது சுலபம், 70இலிருந்து 80க்கு ஏறுவது மலையேற்றம்.

வேகப் பரிசோதனையில் "தரவு இல்லை" என்று வருகிறது?

பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் இரண்டு பகுதியாகக் காட்டும். மேல் பகுதி, குரோம் பாவிக்கும் உண்மையான ஆட்களின் கடந்த 28 நாள் அனுபவம். போதிய ஆட்கள் வராவிட்டால் அது வெறுமை. கீழ்ப் பகுதி அந்த நிமிடமே செய்யும் பரிசோதனை, அதற்கு எப்போதும் புள்ளி வரும். மேல் பகுதி வெறுமை என்பது குற்றமில்லை. ஆனால் போனில் எடுத்த படத்தைச் சுருக்காமல் அப்படியே ஏற்றுவது குற்றம். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 செக்கனுக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவு. பள்ளத்தாக்கில் ஒற்றைக் கோட்டு சிக்னலில் உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள், தெரியும்.

காசு கொடுத்தால் இணைப்பு வாங்கித் தருகிறார்களாமே?

தருகிறார்கள். புள்ளிக்காகக் காசுக்கு வாங்கும் இணைப்பு கூகுளின் விதிக்கு எதிரானது. என் வாடிக்கையாளர் ஒருவர் இருபதாயிரம் ரூபா கொடுத்து வாங்கிய இணைப்புகளைப் போய்ப் பார்த்தேன். சூதாட்டத் தளங்களுக்கும் மருந்து விற்கும் தளங்களுக்கும் நடுவில் நம்ம ஊர்த் தேயிலை உட்கார்ந்திருந்தது. அந்தக் காசில் பக்கத்து ஹோட்டல்காரருக்கு இரண்டு கிலோ நல்ல தூள் கொடுத்து, அவர் தளத்தில் "எங்கள் தேயிலை இங்கிருந்து வருகிறது" என்று ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கலாம் என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பிறகுதான் யோசித்தேன், தூள் கொடுத்து வாங்கினாலும் அது வாங்கியதுதானே. ஹோட்டல்காரர் ஏற்கெனவே உங்கள் தூளை விலைக்கு வாங்கி ஊற்றுகிறவர் என்றால், சும்மா கேளுங்கள், எழுதுவார்.

கடைக்கு வரும்போது என்ன கொண்டு வரவேண்டும்?

தளத்தின் முகவரி, உள்ளே போகும் கடவுச்சொல், எந்தப் பக்கத்துக்குப் புள்ளி வரவில்லையோ அதன் முழு முகவரி. அந்தப் புள்ளியை எங்கே பார்த்தீர்கள் என்பதற்கு ஒரு ஸ்கிரீன்ஷாட். பாமினியில் தட்டிய பழைய கோப்புகள் இருந்தால் பென் டிரைவில் போட்டுக் கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒப்படை பிரின்ட் எடுக்க வந்து கடையில் கால் வைக்க இடமிருக்காது.